இலவசமாக வந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் 8 ட்ராக்கில் நின்றுவிட்டது: காசு கொடுத்தே ஆகவேண்டுமா?

புளியந்தோப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்கு பேர் சேர்ந்து கானா பாடுகிறார்கள். இரண்டு மைக் செருகும் ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினார்கள். அதோடு ஏபிள்டன் லைவ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் சின்னப் பதிப்பான லைவ் லைட் இலவசமாக வந்தது. டோலக், சட்டி, கீபோர்டு, பாட்டு எல்லாம் ஏற்றிவிட்டு கோரஸ் எடுக்கலாம் என்று போனால் புது ட்ராக் (ஒரு குரலோ வாத்தியமோ தனியாகப் பதியும் வரிசை) திறக்கவில்லை. இது மலிவுப் பதிப்பு என்பதால் சவுண்டும் மட்டமாக இருக்குமா, பெரிய பதிப்பு வாங்கினால்தான் முடியுமா, 8 சேனல் யூஎஸ்பி மிக்சர் ஒன்று விலைக்கு வருகிறதாம், அதை வாங்கினால் பிரச்சினை தீருமா என்று மூன்று கேள்வி. மிக்சரைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு ஒரே வரி: இல்லை. மலிவுப் பதிப்பில் பாடினால் குரல் மலிவாகக் கேட்காது. மைக்கில் விழுந்த சத்தத்தை எண்ணாக மாற்றுவது இண்டர்ஃபேஸ். சாஃப்ட்வேர் அந்த எண்களை வாங்கி எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பாட்டில் சவுண்டைக் கெடுப்பது அறையும் தெருவும். தண்டையார்பேட்டையில் என் அறையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி கடந்தால் தரையே உறுமும். அந்த உறுமல் மைக் ஸ்டாண்டு வழியாக ஏறி ட்ராக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாண்டுக்குக் கீழே பழைய மெத்தைத் துண்டு ஒன்றைப் போட்டு, குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெருமளவு போய்விடும். அந்த வேலைக்கு லைட் பதிப்பில் இருக்கிற ஃபில்டரே போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்று. கம்பெனிகள் மலிவுப் பதிப்பில் கைவைப்பது இரண்டு விதத்தில். ஒன்று எண்ணிக்கை: இத்தனை ட்ராக், இத்தனை எஃபெக்ட் என்று அளந்து கொடுப்பது. இன்னொன்று பூட்டு: ஒரு வேலையையே செய்யவிடாமல் கதவைச் சாத்துவது. எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். பெட்டியைப் பிரித்த வாரமே இடித்துவிடும். பூட்டு மூன்று மாதம் கழித்துத் தெரியும், அதுவும் பாட்டு பாதியில் நிற்கும்போது. உங்களை இப்போது நிறுத்தியிருப்பது எண்ணிக்கை. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி உண்டு.

லைவ் லைட்டில் 8 ட்ராக், அதற்கு மேல்படியான இன்ட்ரோவில் 16. ஸ்டாண்டர்டு, சூட் இரண்டிலும் கணக்கு இல்லை. ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ என்று 2022-இல் இலவசமாக வந்தது. அதில் 8 ஆடியோ, 8 இன்ஸ்ட்ருமென்ட், 8 மிடி ட்ராக் (மிடி என்பது சத்தத்தை இல்லாமல், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்பதைப் பதிவது). அதன் அடுத்த படியான ஆர்ட்டிஸ்ட்டில் ஆடியோ 32. க்யூபேஸ் எல்.இ. என்று சில கருவிகளோடு வருவதில் 16 ஆடியோ ட்ராக். யமஹா பெட்டிகளோடு வரும் ஏ.ஐ.யில் 32, காசு கொடுத்து வாங்கும் எலிமென்ட்ஸில் 48.

இப்போது உங்கள் பாட்டை எண்ணிப் பாருங்கள். மெயின் குரல் 1. கோரஸ் நான்கு பேர், ஆளுக்கு ஒரு ட்ராக் என்றால் 4. டோலக்குக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால் 2. சட்டி 1, புல்புல்தாரா இருந்தால் 1, கீபோர்டு 1, பேஸ் 1. மொத்தம் 11. எட்டில் அடங்காது, பதினாறில் அடங்கிவிடும். கீபோர்டு ஸ்டீரியோவாக இருந்தாலும் அது ஒரு ட்ராக்தான், கவலை வேண்டாம்.

அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பெட்டியில் இருப்பது இரண்டே ஓட்டை. லைவ் சூட்டே வாங்கிப் போட்டாலும் ஒரே நேரத்தில் இரண்டு மைக்குக்கு மேல் பதிய முடியாது. நான்கு பேரும் டோலக்கும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே டேக்கில் அடிக்க வேண்டும் என்பது ஆசையானால், அதைத் தடுப்பது சாஃப்ட்வேர் இல்லை. ஒவ்வொன்றாக ஏற்றுவதானால் இரண்டு ஓட்டை போதும்.

சரி, எட்டுக்குள் பதினொன்றை எப்படி அடைப்பது? கேசட் காலத்து வேலைதான். 1979-இல் டீயாக் கம்பெனி போர்ட்டாஸ்டூடியோ என்று ஒரு பெட்டி விட்டது. சாதாரண கேசட்டில் 4 ட்ராக். மூன்றில் வாத்தியத்தைப் பதிந்து, அந்த மூன்றையும் கலந்து நாலாவதில் இறக்கி, காலியான மூன்றில் மறுபடி பதிவார்கள். அதற்குப் பெயர் பவுன்ஸ். டேப்பில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் இரைச்சல் ஏறும். கம்ப்யூட்டரில் ஏறாது. அந்தக் காலத்து ஆட்களுக்குக் கிடைக்காத வசதி இது.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முதலில் டோலக், சட்டி, பேஸ் மூன்றையும் மட்டும் ஓடவிட்டு ஒன்றுக்கொன்று எவ்வளவு என்று சரி செய்யுங்கள். சட்டி எப்போதும் ஹெட்ஃபோனில் சின்னதாகத் தெரியும், வெளியே ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கும். அதனால் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, ஆட்டோவில் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். பவுன்ஸ் ஆனபின் சட்டியை மட்டும் குறைக்க முடியாது. ரிவர்ப் போடாதீர்கள், உலர்ந்த சத்தமாகவே இறக்குங்கள், எக்கோ பிறகு சேர்க்கலாம், சேர்த்ததை எடுக்க முடியாது. மீட்டர் உச்சிக்குப் போகாமல் ஒரு 6 டெசிபெல் இடம் விடுங்கள். பிறகு பாட்டின் முதல் பாரிலிருந்து (முதல் தாள வட்டத்திலிருந்து) கடைசி வரை, நடுவில் வெட்டாமல், 24 பிட் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அதன் பிறகு ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமியுங்கள். பழையதை அழிக்கவே கூடாது. புதியதில் அந்த மூன்று நான்கு ட்ராக்கையும் தூக்கிவிட்டு, கலந்த ஃபைலை முதல் பாரில் வைத்தால் தாளம் முழுக்க ஒரே ட்ராக்கில் உட்கார்ந்துவிடும். மீதி ஏழில் மெயின் குரல், புல்புல்தாரா, கீபோர்டு போக நான்கு காலி. கோரஸ் பாடுங்கள். நாளைக்கு டோலக்கை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பழைய ப்ராஜெக்டைத் திறந்து மாற்றி மறுபடி ஒரு பவுன்ஸ். ஐந்து நிமிஷ வேலை.

லைட்டில் சென்ட் ட்ராக் (எல்லா ட்ராக்கும் பங்குபோட்டுக்கொள்ளும் எஃபெக்ட் வரிசை) இரண்டுதான் இருக்கும். ஒன்றில் ரிவர்ப், இன்னொன்றில் டிலே. கானாவுக்கு அதற்கு மேல் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

இனி பூட்டுகள். சாஃப்ட்வேர் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆனால் எல்லோரும் ட்ராக் எண்ணிக்கையையே பார்க்கிறார்கள்.

முதல் பூட்டு மைக். பீட் போடும் பையன்களுக்கு எஃப்எல் ஸ்டூடியோ என்ற சாஃப்ட்வேர் என்றால் உயிர். அதன் அடிமட்டப் பதிப்பு ஃப்ரூட்டி. அதில் பீட் போடலாம், கீபோர்டு வாசிக்கலாம். ஆனால் பல வருஷமாக மைக்கில் பாடி அதை ஆடியோவாகப் பிளேலிஸ்டில் அடுக்க முடியாமல் இருந்தது. அதற்கு அடுத்த படியான ப்ரொட்யூசர் வேண்டியிருந்தது. விலை குறைவு என்று ஃப்ரூட்டி வாங்கிவிட்டு "அண்ணே, மைக் எங்கே செருகுறது" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதன் ட்ரயலில் இன்னொரு வேடிக்கை: எல்லாம் வேலை செய்யும், சேமிக்கவும் சேமிக்கும், ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்க வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். ஒரே மூச்சில் பாட்டை முடிக்கிறவனுக்கு அது இலவசம். நியாயமாகச் சொன்னால், ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்தடுத்த பதிப்புகள் எல்லாம் ஆயுள் முழுக்க இலவசம் என்பது அந்தக் கம்பெனியின் நல்ல குணம்.

இரண்டாவது பூட்டு ப்ளகின், அதாவது சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்ளும் சின்னத் துணை சாஃப்ட்வேர். குரலைச் சுருதிக்கு இழுக்க ஆட்டோட்யூன் மாதிரி ஒன்று எல்லோருக்கும் வேண்டும். இலவசமாகவே கிரெய்லான், எம்ஆட்டோபிட்ச் என்று நல்ல ப்ளகின்கள் கிடைக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து வரும் ப்ளகினை உங்கள் சாஃப்ட்வேர் உள்ளே விட வேண்டுமே. ஸ்டூடியோ ஒன் ப்ரைம் என்ற இலவசப் பதிப்பில் ட்ராக் கணக்கில்லாமல் கொடுத்தார்கள், வெளி ப்ளகினுக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது. காசு கொடுத்து வாங்கும் ஆர்ட்டிஸ்ட் பதிப்பில்கூட 2020-இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை விஎஸ்டி (வெளி ப்ளகின்களின் பொதுவான வகை) சேர்ப்பதற்குத் தனியாகக் காசு. ஆயிரம் ட்ராக் கொடுத்து ஒரு ப்ளகினுக்கு இடம் கொடுக்காததைவிட, எட்டு ட்ராக் கொடுத்து எல்லா ப்ளகினையும் விடுவது எவ்வளவோ மேல். அந்த வகையில் உங்கள் லைவ் லைட் நல்ல பிள்ளை. விஎஸ்டி உள்ளே வரும்.

ப்ரோ டூல்ஸ் இன்னொரு மாதிரி. அது ஏஏஎக்ஸ் என்ற வகையைத்தான் ஏற்கும்; விஎஸ்டி, ஏயூ என்ற மற்ற வகைகள் எதுவும் போகாது. இது மலிவுப் பதிப்பின் குறை இல்லை, விலை உயர்ந்த பதிப்பிலும் அப்படியே. அதனால் இலவச ப்ளகின் ஒன்றை இறக்கினால் அதில் ஏஏஎக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

மூன்றாவது பூட்டு இன்று பெரும்பாலும் கிடையாது, ஆனால் பழைய சாஃப்ட்வேரை யாராவது தூக்கிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு ட்ராக்கில் கனமான ப்ளகின் போட்டால் அந்த ட்ராக் கொஞ்சம் தாமதமாக வெளியே வரும். 1024 சாம்பிள் (சத்தத்தை வெட்டி எண்ணும் துண்டு) தாமதம் என்றால் நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் சுமார் 23 மில்லிசெகண்ட். நல்ல சாஃப்ட்வேர் மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு பின்னுக்கு இழுத்துச் சரிக்கட்டும். ப்ரோ டூல்ஸின் அந்தக் கால மலிவுப் பதிப்பான எல்.இ.யில் இது தானாக நடக்காது. 2010-இல் ஒன்பதாம் பதிப்பு வந்துதான் எல்லோருக்கும் கிடைத்தது. 23 மில்லிசெகண்ட் என்பது சினிமாப் பாட்டில் வயலினுக்குத் தெரியாது. டோலக்கும் சட்டியும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் தெரியும்: "தட்" என்று விழ வேண்டியது "த-தட்" என்று விழும். அடித்தவன் மேல் பழி போடுவார்கள், பாவம்.

நான்காவது, எனக்கு வலித்த பூட்டு. சில வருஷம் முன் ராயபுரத்தில் ஒரு சர்ச் கொயர் கிறிஸ்துமஸ் பாட்டு பதிந்தோம். அப்போது நான் வைத்திருந்தது ஒரு கருவியோடு ஓசியில் வந்த சின்னப் பதிப்பு. பெயர் வேண்டாம். மிக்ஸிங்குக்கு சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்தோம். அவர்களிடம் வேறு சாஃப்ட்வேர், என் ப்ராஜெக்ட் திறக்காது. ட்ராக் ட்ராக்காக வேவ் ஃபைல் கொடுங்கள் என்றார்கள். என் பதிப்பில் எல்லா ட்ராக்கையும் ஒரே தடவையில் தனித்தனியாக இறக்கும் வசதி இல்லை. ஒவ்வொன்றாக சோலோ போட்டு (அதை மட்டும் ஓடவிட்டு), எக்ஸ்போர்ட், அடுத்தது சோலோ, எக்ஸ்போர்ட் என்று ராத்திரி ஒரு மணி வரை 14 ட்ராக் இறக்கினேன். தூக்கக் கலக்கத்தில் சில ட்ராக்குகளை முதல் பாரிலிருந்து எடுக்காமல், பாட ஆரம்பிக்கிற இடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

மறுநாள் அங்கே எஞ்சினியர் எல்லா ஃபைலையும் வழக்கம்போல ஆரம்பத்தில் வரிசையாக வைத்து ஓடவிட்டார். பியானோ முன்னிசை தொடங்கும் அதே நொடியில் அல்டோ ஒரு பக்கம், பேஸ் குரல் ஒரு பக்கம், கடைசிச் சரணம் ஒரு பக்கம் என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "சார், இது பாட்டா, பாகப்பிரிவினையா?" என்றார். இரண்டு மணி நேரம் மூச்சு விடும் சத்தத்தை வைத்து ஒவ்வொரு ட்ராக்காக நகர்த்தி ஒட்டினோம். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் வாடகை நான்தான் கொடுத்தேன்.

அதனால் எந்தப் பதிப்பாக இருந்தாலும், முதல் நாளே இரண்டு ட்ராக்கில் "மைக் டெஸ்ட்" என்று பேசிப் பதிந்து, அதை வெளியே எடுத்து, வேறொரு சாஃப்ட்வேரில் போட்டு சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் மீதி எல்லாக் குறையையும் சமாளிக்கலாம்.

இனி காசு விஷயம். லைட்டிலிருந்து இன்ட்ரோவுக்குப் போகலாமா என்றால், நான் போக மாட்டேன். பதினாறு ட்ராக் கிடைக்கும், ஆனால் பவுன்ஸ் கற்றுக்கொண்ட பிறகு எட்டுக்கும் பதினாறுக்கும் வித்தியாசம் குறைவு. மேடையில் லூப் ஓட்டுவது, பீட் கட்டுவது என்று லைவ்தான் உங்கள் கைக்குப் பழக்கம் என்று ஒரு வருஷம் கழித்தும் தோன்றினால் நேராக ஸ்டாண்டர்டுக்குப் போங்கள். நடுப்படியில் நிற்பது வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போடுவது மாதிரி.

இப்போதைக்கு என் யோசனை: பீட்டையும் கீபோர்டையும் லைவ் லைட்டிலேயே போடுங்கள். ஒரு ஸ்டீரியோ ஃபைலாக இறக்குங்கள். குரலும் டோலக்கும் ரீப்பர் என்ற இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பதியுங்கள்.

ரீப்பரில் சின்னப் பதிப்பு, பெரிய பதிப்பு என்பதே கிடையாது. ஒன்றுதான். 60 நாள் எல்லா வசதியோடும் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கப்புறம் 60 டாலர்; இசைத் தொழிலில் வருஷம் 20,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு 225 டாலர். நம் தெருவில் அந்த இரண்டாவது விலையைக் கொடுக்கிற நிலை வந்தால் நான் கேக் வாங்கித் தருகிறேன். ட்ராக் கணக்கு இல்லை, விஎஸ்டி வரும், எல்லா ட்ராக்கையும் ஒரே அழுத்தில் தனித்தனியாக இறக்கும். 60 நாள் முடிந்தாலும் பூட்டிவிடாது, திறக்கும்போதெல்லாம் காசு கேட்கும். பூட்டவில்லையே என்று கொடுக்காமல் விடாதீர்கள். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஒரு கச்சேரிக் கூலியில் முடிகிற தொகை. அதன் குறை, உள்ளே வாத்திய சத்தங்களும் லூப்களும் பேருக்குத்தான். திறந்தவுடன் வெறிச்சென்று சாம்பல் நிறத்தில் நிற்கும், பார்க்கவே பயமாக இருக்கும். அதனால்தான் பீட்டுக்கு லைவைச் சொன்னேன்.

காசே வேண்டாம் என்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கிறது, ட்ராக் கட்டுப்பாடும் இல்லை, ப்ளகின் கட்டுப்பாடும் இல்லை. ஆடாசிட்டி குரலை வெட்டிச் சுத்தம் செய்ய நல்லது. மிடி பதியாது, எஃபெக்ட்டை ஓடும்போதே மாற்றிக் கேட்கும் வசதியே 2022-இல்தான் வந்தது. ஆர்டர் என்ற சாஃப்ட்வேரின் இலவச டெமோ பத்து நிமிஷம் கழித்து ஊமையாகிவிடும், அதைக் கண்டு இண்டர்ஃபேஸ் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். உங்களில் யாரிடமாவது மேக் இருந்தால் கராஜ்பேண்டில் 255 ட்ராக் வரை போகலாம். மிக்சர் திரை கிடையாது, பாட்டின் நடுவில் நாலிலிருந்து ஆறுக்குத் தாளக் கணக்கு மாற்ற முடியாது. ஆனால் அதில் செய்ததை அப்படியே ஆப்பிளின் பெரிய சாஃப்ட்வேரான லாஜிக்கில் திறக்கலாம், அது பெரிய விஷயம்.

கிராக் போட்ட சூட் பதிப்பை ஐநூறு ரூபாய்க்கு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். நானும் ஒரு காலத்தில் ஏற்றியவன்தான். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த அன்றைக்கு எதுவும் திறக்கவில்லை, அடுத்த நாள் ஒரு கல்யாணப் பாட்டு கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு விட்டேன்.

கடைசியாக அந்த 8 சேனல் யூஎஸ்பி மிக்சர். மிக்சரில் எட்டு மைக் செருகலாம் என்பதும், கம்ப்யூட்டருக்கு எட்டு ட்ராக் தனித்தனியாகப் போகும் என்பதும் வேறு வேறு. விலை குறைந்த யூஎஸ்பி மிக்சர்களில் பெரும்பாலும் எட்டையும் உள்ளேயே கலந்து, இடது வலது என்று இரண்டே சேனலாகத்தான் யூஎஸ்பி வழியே அனுப்பும். பாடுகிற நேரத்தில் டோலக் அதிகமாகிவிட்டால் அதுவே கதி, பிறகு பிரிக்க முடியாது. இப்போது இருக்கிற பெட்டியில் ஒவ்வொன்றாக ஏற்றுவதைவிட மோசம். தனித்தனியாக அனுப்பும் மிக்சர்களும் இருக்கின்றன. பெட்டியில் மல்டிட்ராக் என்று போட்டிருக்கும், விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். விற்கிறவர் என்ன சொன்னாலும் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயே கேபிளைச் செருகி, ரீப்பரைத் திறந்து, ஒரு ட்ராக்கின் இன்புட் பட்டியலை இறக்கிப் பாருங்கள். 1, 2 என்று மட்டும் காட்டினால் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.